ஸ்டார் வார்ஸ் வானொலி நாடகம், எட்டாம் பாகம்: கதவு சாத்தின பிறகு நடந்தது

பதின்மூன்று பாகம் உள்ள தொடரில் எட்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுவது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். ஆனால் 'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தை வைத்து அமெரிக்காவின் தேசியப் பொது வானொலி 1981இல் ஒலிபரப்பிய இந்த நாடகத்தைக் கேட்கலாமா என்று யாராவது கேட்டால், நான் இந்தப் பாகத்தைத்தான் காட்டுவேன். முதல் பாகத்தைப் போட்டுவிட்டு "சரி, படத்தில் பார்த்ததுதானே" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

படம் இரண்டு மணி நேரம், நாடகம் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். கூடுதலாக இருக்கும் நாலு மணி நேரத்தை எதை வைத்து நிரப்பினார்கள் என்பதுதான் கேள்வி. சில இடங்களில் சும்மா இழுத்திருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் வாயால் சொல்லவைப்பது வானொலி நாடகத்தின் பழைய வியாதி, இதிலும் உண்டு. "அதோ அவர்கள் வருகிறார்கள், கையில் துப்பாக்கி" வகைப் பேச்சு வரும்போதெல்லாம் என் மகன் காரில் பின்சீட்டிலிருந்து "தெரியுது, தெரியுது" என்பான்.

எட்டாம் பாகத்துக்கு வருகிறேன். படத்தில் கலகக்காரர்களோடு சேர்ந்த இளவரசி லேயாவைச் சிறை அறையில் வைத்திருப்பார்கள், கதையின் வில்லன் டார்த் வேடர் உள்ளே வருவான், ஊசியோடு ஒரு கறுப்பு இயந்திர உருண்டை மிதந்து வரும், கதவு சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான், காட்சி வேறு இடத்துக்குப் போய்விடும். நாடகம் கதவுக்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. மருந்தைச் செலுத்துகிறான், நீ நண்பர்களோடு இருக்கிறாய் என்று மெல்லச் சொல்கிறான், அது பலிக்காமல் போக வலியை வார்த்தையாலேயே அவள் உடம்பில் ஏற்றுகிறான், கடைசியில் அவள் தந்தையின் பெயரைச் சொல்லி உண்மையைக் கறக்கப் பார்க்கிறான். ஒரு அடிகூட இல்லை. பல் மருத்துவர் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே துளைப்பாரே, அந்தக் குரல். எங்கள் அத்தைக்கு ஆங்கிலம் அரைகுறைதான், படமும் பார்த்ததில்லை. கேட்டுவிட்டு, "இவன் என்னம்மா, பேசியே கொல்றானே" என்றார். இதைவிடச் சரியான விமர்சனம் எனக்கு எழுத வராது.

வேடருக்குக் குரல் கொடுத்தவர் ப்ராக் பீட்டர்ஸ். 1962இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் பொய்க் குற்றச்சாட்டில் மாட்டிக்கொள்ளும் டாம் ராபின்சனாக வந்தவர் அவர்தான். படத்தில் வேடருக்குப் பேசிய ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலுக்குப் பழகிய காதுக்கு முதலில் ஒட்டாது. இந்தப் பாகத்தில் அந்த வித்தியாசம் எனக்கு மறந்தே போனது, ஏனென்றால் இப்படி ஒரு நீண்ட காட்சி படத்தில் ஜோன்ஸுக்குக் கிடைக்கவே இல்லை. லேயாவாக வரும் ஆன் சாக்ஸ் இன்னும் ஒரு படி மேல். வலியில் கத்துவது எளிது, கத்தாமல் இருக்க முயல்கிற மூச்சைக் காட்டுவதுதான் கஷ்டம், அதைச் செய்திருக்கிறார்.

இன்னொன்று. வேடர் "உன் தந்தை" என்று அவளிடம் சொல்லும் இந்த நாடகம் 1981இல் வந்தது. லேயா அவனுடைய சொந்த மகள் என்பது ரசிகர்களுக்குத் தெரியவந்தது 1983இல், மூன்றாவது படத்தில்தான். அன்றைக்கு வானொலியில் கேட்டவர்களுக்கு இது வெறும் விசாரணைத் தந்திரம். இன்றைக்குக் கேட்கிற நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் லேயாவின் சொந்தக் கிரகமான ஆல்டரான் அழியும் இடம். படத்தில் ஒரு நொடி வெளிச்சம், முடிந்தது. அந்த ஊரில் யார் இருந்தார்கள் என்று நமக்குத் தெரியாது, லேயாவின் வளர்ப்புத் தந்தையின் முகத்தைக்கூட 1977 படம் காட்டவில்லை. நாடகத்தில் இரண்டாம் பாகம் நம்மை அந்த வீட்டுக்கே கூட்டிப்போகிறது, அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம், சாப்பாட்டு மேசையில் விருந்தாளியோடு பேச்சு தடித்துத் துப்பாக்கி வெடிப்பதுவரை. அதனால் வேடரோடு இருக்கும் பேரரசுத் தளபதி டார்கின் அதை அழிக்க உத்தரவு போடும்போது அழிவது ஏதோ ஒரு உருண்டை இல்லை, நாம் உட்கார்ந்து கேட்ட வீடு. திரைக்கதையை விரித்து எழுதிய பிரையன் டேலி அந்த நாலு மணி நேரத்தைச் செலவு செய்ததில் மிகச் சரியான செலவு இதுதான் என்பேன். இயக்கியவர் ஜான் மேடன், பிற்பாடு 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' எடுத்தவர்.

பணம் இல்லாமல் செய்தது போலவும் தெரியாது. ஜார்ஜ் லூக்கஸ் தான் படித்த தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையத்துக்கு ஒரே டாலருக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார், படத்தின் ஒலிகளையும் ஜான் வில்லியம்ஸின் இசையையும் பயன்படுத்தவும் விட்டார். அதனால் வேடரின் மூச்சு அதே மூச்சு. நாயகன் லூக்காக வருவது படத்தில் நடித்த அதே மார்க் ஹாமில்தான், தங்க ரோபோவும் அதே ஆன்டனி டேனியல்ஸ்தான். கடத்தல்காரன் ஹான் சோலோ மட்டும் படத்தில் வந்த ஹாரிசன் ஃபோர்ட் இல்லை, பெர்ரி கிங். எனக்கு அவர் கொஞ்சம் மிடுக்கு அதிகம்.

அத்தை தலைமுறைக்கு இதெல்லாம் புதிதில்லை. சிங்கப்பூர் எழுத்தாளர் பி. கிருஷ்ணனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' நாடகத்தை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள், குரலை வைத்தே ஆளின் உயரம் பருமன் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் குடும்ப நாடகத்துக்கும் நகைச்சுவைக்கும் குறை இருந்ததில்லை. பிள்ளைகளையும் பாட்டியையும் ஒன்றாக உட்காரவைக்கிற சாகசத் தொடர் ஒன்று, பாகம் பாகமாக, தமிழில் வந்தால் என் வீட்டில் மூன்று பேர் நிச்சயம். அண்ணாசாமியின் அடுக்குமாடியிலேயே ஒரு மர்மத்தை ஆரம்பிக்கலாமே, விண்வெளிக்கெல்லாம் போக வேண்டாம்.

கேட்கப் போகிறவர்களுக்கு: எட்டிலிருந்து தொடங்காதீர்கள், இரண்டாம் பாகத்தைக் கேட்காமல் இதைக் கேட்டால் பாதி வீண். பாகம் ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஜோகூர் கடற்பாலத்தில் வண்டி நகராமல் நிற்கும்போது இரண்டு மூன்று பாகம் தாராளமாக ஓடும். எம்ஆர்டியில் வேண்டாம், மெல்லப் பேசுகிற இடங்கள்தான் இதில் முக்கியம், அவை ரயில் இரைச்சலில் போய்விடும். தொடக்கப்பள்ளியில் கீழ் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால் விசாரணைக் காட்சியை நீங்கள் முதலில் தனியாகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என் சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் நிறுத்தவும் விடவில்லை.