202-224-3121: அழைத்தால் கணக்கில் சேரும், வாசகத்தில் சேராது

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அலுவலகங்களுக்கு இணைப்புத் தரும் வாஷிங்டன் கேபிடல் ஸ்விட்ச்போர்டின் எண் இது. குடியேற்ற அமலாக்கத்துக்குப் பணம் கொடுப்பதானால் கடிவாளத்தோடு கொடுங்கள் என்று காங்கிரஸிடம் சொல்ல நினைப்பவர்களுக்கு எல்லாரும் முதலில் தருவது இந்த எண்ணைத்தான். தொலைபேசிச் சேவையாக மட்டும் பார்த்தால் பெரிய குறை இல்லை. ஆள் எடுக்கிறார், செனட்டர் அல்லது பிரதிநிதியின் பெயரைச் சொன்னால் அந்த அலுவலகத்துக்கு மாற்றிவிடுகிறார். ஒரு தடவைக்கு ஓர் அலுவலகம்தான். இரண்டு செனட்டர், ஒரு பிரதிநிதி என்றால் மூன்று முறை டயல் செய்ய வேண்டும். பரபரப்பான வாக்கெடுப்பு வாரத்தில் லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போது உறுப்பினரின் இணையதளத்தில் இருக்கும் நேரடி எண்ணையோ, அதைவிட மேலாக, உங்கள் ஊர்ப் பக்கம் அவர் வைத்திருக்கும் மாவட்ட அலுவலக எண்ணையோ பிடியுங்கள். வாஷிங்டன் வாய்ஸ்மெயில் நிரம்பி வழியும் நாளிலும் அங்கே யாராவது எடுக்க வாய்ப்பு உண்டு.

மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு பயிற்சி மாணவர் அல்லது இளநிலை உதவியாளர். பெயர், ஜிப் கோடு, எந்த விஷயம், ஆதரவா எதிர்ப்பா: இவற்றை மென்பொருளில் தட்டி முடிப்பார். நீங்கள் ஐந்து நிமிடம் பேசினாலும் அங்கே பதிவாவது ஒரு வரிதான். ‘இந்த மசோதாவுக்கு ஓட்டுப் போடாதீர்கள்’ என்பதற்கு அந்த ஒரு வரி போதும். நிதிக்கு நிபந்தனை விதிப்பது அப்படியல்ல. அதில் எல்லாம் வார்த்தையில் இருக்கிறது.

வார்த்தை எவ்வளவு முக்கியம் என்பதற்கு, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு ஆண்டுதோறும் பணம் தரும் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் 527-ஆம் பிரிவே சாட்சி. குடியேறிகளை அடைத்துவைக்கும் மையங்களுக்குள் காங்கிரஸ் உறுப்பினர்கள் மேற்பார்வைக்காகப் போவதைத் தடுக்க, ‘இந்தச் சட்டத்தால்’ அந்தத் துறைக்குக் கிடைக்கும் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்கிறது அது. உறுப்பினர் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய ஊழியருக்கு மட்டும் 24 மணி நேர அறிவிப்பு கேட்கலாம். இவ்வளவு தெளிவாக இருந்தும் 2025-இல் துறை ஏழு நாள் முன்னறிவிப்பு கேட்டது. பிரதிநிதிகள் 12 பேர் வழக்குப் போட்டார்கள். டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2026 ஜனவரியில் அதே ஏழு நாள் விதி திரும்பி வந்தது. இந்த முறை சொன்ன காரணம்: இதற்கான செலவு ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து அல்ல, வேறு சட்டத்தில் வந்த பணத்திலிருந்து. விவகாரம் மறுபடி நீதிமன்றப் படியேறியது.

அந்த வேறு சட்டம் 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான ‘ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்’. அந்தத் துறையின் குடியேற்ற அமலாக்கப் பிரிவான ஐஸ் அமைப்புக்கு அதில் மட்டும் சுமார் 7,500 கோடி டாலர். அதில் 4,500 கோடி தடுப்பு மையங்களுக்கு. 2029 செப்டம்பர் 30 வரை செலவழிக்கலாம். ஐஸின் வழக்கமான ஆண்டு ஒதுக்கீடு சுமார் 1,000 கோடி என்பதை வைத்துப் பார்த்தால் அளவு புரியும். அதனால் உங்கள் கோரிக்கையில் இருக்க வேண்டிய சொற்கள்: ‘இந்தச் சட்டத்தாலோ வேறு எந்தச் சட்டத்தாலோ கிடைக்கும் நிதி’. இது இல்லாமல் போடும் நிபந்தனை, முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்த கதைதான்.

இந்த நுணுக்கத்தைத் தொலைபேசியில் பதிய வைக்க முடியாது. அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. ஆண்டுதோறும் ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, உறுப்பினர் அலுவலகங்கள் தங்கள் இணையதளத்தில் ஒதுக்கீட்டுக் கோரிக்கைப் படிவம் திறக்கும். ‘அப்ரோப்ரியேஷன்ஸ் ரிக்வெஸ்ட்’ என்று இருக்கும். உள்ளூர்ப் பாலம், மருத்துவமனைக்குப் பணம் கேட்பவர்களுக்கு ஒரு பகுதி. சட்ட வாசகம் கேட்பவர்களுக்கு ‘லாங்குவேஜ் ரிக்வெஸ்ட்’ என்று இன்னொரு பகுதி. நமக்கு வேண்டியது இரண்டாவது. துணைக்குழு: ஹோம்லேண்ட் செக்யூரிட்டி (உள்நாட்டுப் பாதுகாப்பு). கணக்கு: ஐஸ், ‘ஆபரேஷன்ஸ் அண்ட் சப்போர்ட்’. பிறகு மசோதாவில் சேர வேண்டிய வாசகத்தை அப்படியே எழுத வேண்டும். காரணம் இரண்டு பத்திக்குள். கடைசித் தேதி அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும், ஒருநாள் தாண்டினாலும் எடுக்க மாட்டார்கள். எல்லா அலுவலகமும் தனிநபரிடம் வாங்குவதில்லை. அமைப்பு ஒன்றின் பெயரில் போட்டால் மதிப்பு கூடும். கிடைக்கிற வழிகளில் நம் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

வாசகம் எந்த வகை என்பதையும் படிவத்தில் கேட்பார்கள். ‘இதற்குச் செலவழிக்கக் கூடாது’ என்பது ஒரு வகை. ‘இன்னது நடந்ததாகச் சான்று தரும் வரை இத்தனை சதவீதத்தை விடுவிக்கக் கூடாது’ என்பது இன்னொன்று. பல்லுள்ள வகை இதுதான். மூன்றாவது, குழு அறிக்கையில் எழுதப்படும் அறிவுறுத்தல். அதற்குச் சட்டபலம் கிடையாது. துறைகள் மதிப்பது அடுத்த ஆண்டுப் பணத்துக்கு அதே குழுவிடம்தான் வர வேண்டும் என்பதால். நான்கு ஆண்டுப் பணம் கையில் இருக்கும் துறைக்கு அந்தப் பயம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தடுப்பு மையப் புகார்களைக் கவனிக்கும் குறைதீர்ப்பு அலுவலகத்தையும் காங்கிரஸ்தான் சட்டம் போட்டு உருவாக்கியது. 2025 மார்ச்சில் அதன் ஊழியர்களை ஏறக்குறைய முழுசாகக் கழற்றிவிட்டார்கள். எனவே ‘குறைதீர்ப்பு அலுவலகம் வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை, அது ஏட்டில் இருக்கிறது. ‘அந்த அலுவலகம் போதிய ஆட்களோடு இயங்குகிறது என்று துறையின் தலைமை ஆய்வாளர் (இன்ஸ்பெக்டர் ஜெனரல்) சான்றளிக்கும் வரை ஐஸின் நிதியில் 10 சதவீதத்தைத் தொடக் கூடாது’ என்று எழுதுங்கள். சான்று தருபவர் யார் என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் துறைச் செயலரே தமக்குத் தாமே சான்று கொடுத்துக்கொள்வார்.

படிவக் காலம் முடிந்த பிறகு தொலைபேசிக்கு வேலை வருகிறது. வரைவு முதலில் துணைக்குழுவில், அடுத்து முழுக்குழுவில் அலசப்படும். உங்கள் உறுப்பினர் அந்தக் குழுவில் இருந்தால் அதற்கு முந்தைய வாரம் அழைப்பது தங்கம். நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கும். அதற்குள் முடியாமல் இடைக்காலத் தீர்மானம் வந்தால் பெரும்பாலும் பழைய பணமும் பழைய நிபந்தனைகளுமே தொடரும், புதியது நுழைவது கடினம். செனட்டில் ஒதுக்கீட்டு மசோதா நகர 60 ஓட்டு வேண்டும் என்பதால் சிறுபான்மைக் கட்சி செனட்டருக்கும் பிடி இருக்கிறது. ‘அவர் எதிர்க்கட்சிதானே’ என்று அவரை விட்டுவிட வேண்டாம்.

அழைத்தால் முப்பது விநாடி: பெயர், ஊர், ஜிப் கோடு, ‘ஹோம்லேண்ட் செக்யூரிட்டி ஒதுக்கீட்டு மசோதா பற்றி’, ஒரே ஒரு நிபந்தனை, ‘இது இல்லாவிட்டால் எதிர்த்து ஓட்டளிக்கச் சொல்கிறேன்’, எழுத்தில் பதில் வேண்டும் என்று முகவரி. ஐஸ் அதிகாரிகளின் முகமூடி, உடல் கேமரா, வாரண்ட் என மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துச் சொன்னால் ‘குடியேற்றம், பொது’ என்ற பெட்டியில் போய் விழும். வேறு மாநில செனட்டரை அழைப்பது வீண். ஒரே ஜிப் கோடு இரண்டு தொகுதியில் வரலாம், முழு முகவரி போட்டுப் பிரதிநிதி யாரென்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைவ் கால்ஸ் செயலி எண்ணையும் பேச வேண்டியதையும் எடுத்துக் கொடுக்கும். ரெசிஸ்ட்பாட் என்ற சேவையில் 50409-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் உறுப்பினருக்குக் கடிதமாகப் போகும். இரண்டிலும் தயார் வாசகத்தை மாற்றாமல் அனுப்பினால் ஒரே கட்டாகச் சேர்த்து எண்ணிவிடுவார்கள். தபாலில் அனுப்புவது மட்டும் வேண்டாம். 2001-இல் ஆந்த்ராக்ஸ் கிருமி வைத்த கடிதங்கள் வந்த சம்பவத்துக்குப் பிறகு கேபிடலுக்குப் போகும் தபால்களைச் சோதித்துக் கதிர்வீச்சு காட்டித்தான் விடுகிறார்கள். மசோதா முடிந்த பின் மஞ்சள் பூத்த காகிதமாகப் போய்ச் சேரும்.

கிரீன் கார்டு, எச்-1பி வைத்திருப்பவர்களும் அழைக்கலாம். தொகுதியில் குடியிருந்தால் போதும். குடியுரிமையைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. உறவினர் ஒருவர் அடைபட்டிருக்கிறார் என்றால் அது இந்த வரிசையே அல்ல: மாவட்ட அலுவலகத்தில், தனிநபர் பிரச்சினைகளைக் கவனிக்கும் ‘கேஸ்வொர்க்’ பிரிவைக் கேளுங்கள். அடைபட்டவர் கையெழுத்திட்ட தனியுரிமை ஒப்புதல் படிவமும் குடியேற்றக் கோப்பில் அவருக்குத் தரப்பட்ட ‘ஏ’ எண்ணும் கையில் இருக்கட்டும்.