குமிழா, தொடுதிரையா? விமான ரேடியோ பழகுபவர்களுக்கு

மட்டக்களப்பில் வந்திறங்கும் சின்ன விமானங்களைப் பார்த்து, பறக்கப் பழக ஆசைப்படும் தம்பி, தங்கச்சிமாருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது: ரேடியோ அலைவரிசையைக் குமிழைத் திருப்பி மாற்றுவதா, தொடுதிரையில் தட்டி மாற்றுவதா? வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் ஓட்டுபவர்களுக்கும்தான்.

அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான்: பேச்சுக்கு 118 முதல் 136.975 மெகாஹேர்ட்ஸ், வழிகாட்டலுக்கு 108 முதல் 117.95. புது அலைவரிசை எண்ணைக் காத்திருப்புக் கட்டத்தில் வைத்து மாற்றுப் பொத்தானை அழுத்தினால் அது பாவனைக்கு வரும்.

வேகம்
குமிழ்: வெளி வளையம் மெகாஹேர்ட்ஸ், உள் வளையம் கிலோஹேர்ட்ஸ். 118.7 இலிருந்து 126.3 க்குப் போக வெளியே 8 சொடுக்கு, 25 கிலோஹேர்ட்ஸ் படியில் உள்ளே 16.
தொடுதிரை: நாலு எண் தட்டினால் சரி.

குலுக்கல்
குமிழ்: கச்சான் காற்று தூக்கிப்போட்டாலும் விரல் பிடி விடாது. எண்ணியெண்ணி, பாராமலே திருப்பலாம்.
தொடுதிரை: வியர்த்த விரல் பக்கத்து எண்ணில் விழும். பல கருவிகளில் திரையோடு குமிழையும் விட்டுவைத்திருப்பது சும்மா இல்லை.

தடுமாற்றம்
குமிழ்: கார்மின் ஜிஎன்எஸ் 430 போன்ற விமானக் கருவிகளில் பேச்சுக்கும் வழிகாட்டலுக்கும் ஒரே குமிழ். அதை அழுத்தினால்தான் கேர்சர், அதாவது எந்த எண் மாறும் என்று காட்டும் குறி, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும். கேர்சரைப் பாராமல் திருப்பினால் விஓஆர் எனும் வழிகாட்டி நிலையத்தின் எண் மாறிப்போகும்.
தொடுதிரை: தனித்தனிக் கட்டம், இந்தத் தொல்லை குறைவு.

விலை: சாதாரணக் குமிழ் ரேடியோ மலிவு.

பழகுவதென்றால் குமிழ், கைக்கு அது ஏறிவிட்டால் திரை இரண்டாம் நாளே வசப்படும். அடிக்கடி அலைவரிசை மாற்றும் நீண்ட பயணத்துக்குத் தொடுதிரை. எதை எடுத்தாலும் 121.5 என்ற அவசர எண்ணை வைக்க முதலில் பழகுங்கள்.