தென்னாப்பிரிக்காவில் 'வனவிலங்கு மருத்துவப் பயிற்சி'க்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவில் ஒரு தனியார் பண்ணை, வனவிலங்கு மருத்துவரோடு களப்பயிற்சி, கட்டணத்தில் ஒரு பங்கு காண்டாமிருகப் பாதுகாப்புக்கு என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. போய் இறங்கியதும் கையில் பால்புட்டியைக் கொடுத்தார்கள்.

கண் திறந்து கொஞ்ச நாளே ஆன சிங்கக் குட்டிகள். காலையில் நாங்கள் பால் கொடுப்போம், அப்புறம் சுற்றுலா வண்டிகள் வந்துவிடும், சாயங்காலம் வரை குட்டிகள் மடி மாறிக்கொண்டே இருக்கும், தூங்கக்கூட விடமாட்டார்கள். ஒரு குட்டிக்குப் பின்னங்கால் முடியெல்லாம் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது. தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது, அவ்வளவு நீர் வறட்சி. மருத்துவர் எங்கே என்றால் நாளைக்கு வருவார் என்றார்கள். ஈரத்துணியால் துடைத்து அதையும் படம் எடுக்கத்தான் தூக்கிப் போனார்கள். நான் இருந்தவரை மருத்துவர் வரவே இல்லை.

தாய் எங்கே என்று கேட்டால், ஒதுக்கிவிட்டது என்பார்கள். எல்லாக் குட்டிக்கும் இதே பதில். காட்டில் குட்டி ஏறக்குறைய இரண்டு வருடம் தாயோடு இருக்கும். இங்கே சில நாளில் பிரிப்பதே தாய் சீக்கிரம் மறுபடி சினைக்கு வரட்டும் என்றுதான். கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விடவும் முடியாது. வேலிக்குள் அடைத்து வேட்டைக்காரருக்குச் சுட விற்பதும், எலும்பை ஆசியாவுக்கு அனுப்புவதும் அந்த நாட்டில் தொழிலாகவே நடந்திருக்கிறது. இதை நிறுத்தப்போவதாக 2021-இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா கிரீசி அறிவித்த பிறகும் பண்ணைகள் ஓடுகின்றன.

உண்மையான வேலை வேறு மாதிரி. காண்டாமிருகத்தை மயக்கும் எடோர்ஃபின் என்ற மருந்து, மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது, தவறி மனிதர் உடம்பில் பட்டாலே உயிர் போகலாம். விலங்கு விழுந்ததும் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, மூச்சை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். மாணவர்கள் அந்த மூச்சை எண்ணுவதுதான் பெரிய பாடம். நீங்களே மயக்க ஊசி சுடலாம் என்று ஆசை காட்டுகிறவரை நம்பாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், அடுத்த முறை வந்தால் தள்ளுபடி என்கிறார்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள், மருத்துவரின் பெயரையும் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். போன வருடக் குட்டிகள் இப்போது எங்கே என்றும் கேளுங்கள். இதற்கு நேரடியாகப் பதில் வராவிட்டால் டிக்கெட் எடுக்காதீர்கள்.