உருளும் ராக்கெட்: கண்ணால் எண்ணுவதா, கேமராவில் பிடிப்பதா?

செயற்கைக்கோளை இறக்கிவிட்ட ராக்கெட்டின் மேல் அடுக்கு, எரிபொருள் தீர்ந்தும் பல ஆண்டுகள் பூமியைச் சுற்றும். பல அடுக்குகள் தலைகுப்புற உருண்டுகொண்டே போகும். அந்த உருளை உடம்பில் வெயில் பட்டுத் திரும்பும்போது ஒரு பளிச், அப்புறம் மங்கல். ஒரு முழுச் சுழற்சிக்குப் பெரும்பாலும் இரண்டு பளிச். ஒரு பளிச்சுக்கும் அடுத்த பளிச்சுக்கும் உள்ள இடைவெளியை மாதக்கணக்கில் அளந்து வந்தால் அது நீண்டுகொண்டே போவது தெரியும். அலுமினிய உடம்பு பூமியின் காந்தப்புலத்தில் சுழலும்போது உள்ளே பிறக்கும் சுழல் மின்னோட்டம்தான் பிரேக் போடுகிறது.

அளக்க இரண்டு வழி: பைனாகுலரும் ஸ்டாப்வாட்சும், அல்லது டிரைபாடில் கேமரா. வாலிநோக்கம் கடற்கரையில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். என் ஓட்டு பைனாகுலருக்கு.

முதல் காரணம் நம் ஊர் அந்தி. கோடையில் வட ஐரோப்பாவில் இரவு முழுக்க இவை வெயிலில் மின்னும். இங்கே 850 கி.மீ. உயரத்தில் போவதுகூட, பொழுது அடைந்து ஏறக்குறைய 2 மணி நேரத்தில் தலைக்கு மேலேயே பூமியின் நிழலுக்குள் போய்விடும். வானம் இருட்டவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். மிச்சம் ஒரு மணி நேரம்தான். அதில் ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தால் ராக்கெட் போயே போய்விடும். போதாக்குறைக்கு ஆடிக் காற்றில் டிரைபாட் நடுங்கும். உப்பு ஈரம் லென்ஸில் படியும். சும்மா துடைத்தால் இன்னும் மங்கும்.

7×50 (7 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) பைனாகுலரைக் கழுத்தில் மாட்டினால் வேலை ஆரம்பம். முதல் பளிச்சில் பட்டனை அழுத்தும்போது ‘பூஜ்யம்’ என்று சொல்லுங்கள், ‘ஒன்று’ அல்ல. நான் பல வாரம் ஒன்றில் தொடங்கி எல்லாக் கணக்கையும் கெடுத்தேன். ‘இருபது’ என்று எண்ணும் பளிச்சில் நிறுத்தும்போது 86.4 விநாடி என்றால், இடைவெளி 4.32. விரல் 0.2 விநாடி பிந்தினாலும், இருபதால் வகுத்தால் பிழை 0.01 விநாடிதான்.

ஒரு நாள் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், “என்ன தம்பி, வானத்தப் பாத்து எண்ணுற?” என்றார். பைனாகுலரை நீட்டினேன். நாலாவது பளிச்சிலேயே அவரும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்.

கேமரா ஜெயிக்கும் இடமும் உண்டு. விநாடிக்கு இரண்டு மூன்று முறை மின்னுவதை விரலால் பிடிக்க முடியாது. அதற்கு வீடியோதான் சரி. பிரேம் பிரேமாக எண்ணிவிடலாம். 30 விநாடி திறந்து வைத்த படத்தில் கோட்டின் மேல் மணி கோத்த மாதிரி புள்ளிகள் விழும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் 20 விநாடிக்கு ஒரு முறை மின்னுவதற்கு அந்தப் படத்தில் ஒன்றிரண்டு புள்ளிதான் விழும். எதை வைத்து அளப்பது?

இடைவெளி சீராக இல்லாத ராக்கெட்டுக்கு மட்டும் நான் செல்போனில் குரல் பதிவைப் போட்டு, ஒவ்வொரு பளிச்சுக்கும் ‘டக்’ என்கிறேன். காற்று இரைச்சல் ஏறாமல் இருக்க போனைத் துண்டுக்குள் சுற்றி வாயருகே பிடிக்க வேண்டும்.