செவர்லே கார்வேர் மான்சா கன்வெர்ட்டிபிள் (1965–69): வார இறுதி ஓட்டத்தில் நீண்டகால அனுபவம்

அதிக விலை கொடுக்காமல் பழைய அமெரிக்கத் திறந்த கார் ஒன்று வாங்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது ஃபோர்டு மஸ்டாங்கைத்தான். 1960களின் நல்ல மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் என்ன விலை என்று தெரிந்ததும் பலர் ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பெயர் கார்வேர். அதிலும் 1965 முதல் 1969 வரை வந்த இரண்டாம் தலைமுறை மான்சா. அழகில் மஸ்டாங்குக்கு ஒரு படியும் குறையாது. விலை மட்டும் கணிசமாகக் குறைவு.

விலை குறைந்ததற்குக் காரணம் உண்டு. 1965இல் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ஃப் நாடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே கார்வேரைப் பற்றியது. வளைவில் பின்சக்கரம் உள்ளே மடிந்து கார் புரளும் என்பது குற்றச்சாட்டு. அது குறிவைத்தது 1960–63 மாடல்களின் ஸ்விங் ஆக்சிலை, அதாவது உள்முனையில் மட்டும் மடங்கும் பின் அச்சை. 1965இல் செவர்லே பின் சஸ்பென்ஷனையே மாற்றி, இருபுறமும் இரண்டிரண்டு யூ-ஜாயின்ட் (மடங்கும் இணைப்பு) வைத்த முழு இண்டிபெண்டன்ட் அமைப்பைக் கொடுத்தது. பழைய மாடல்கூட அந்தக் காலத்து மற்றக் கார்களைவிட மோசமில்லை என்று அமெரிக்க அரசின் சோதனை அறிக்கை 1972இல் சொன்னது. ஆனால் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரின் பலனைத்தான் இன்றைக்கு வாங்குகிறவர் அனுபவிக்கிறார்.

இது மற்ற அமெரிக்கக் கார்களைப் போல இல்லை. எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். ரேடியேட்டர் கிடையாது, காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். 164 கன அங்குலம், அதாவது சுமார் 2.7 லிட்டர். 95, 110, 140 குதிரைத்திறன் என்று வகைகள் உண்டு. 1965, 66இல் மட்டும் வந்த கோர்சா என்ற உயர்வகை கார்வேரில் 180 குதிரைத்திறன் டர்போவும் கிடைத்தது. வார இறுதி ஓட்டத்துக்கு 110 போதும். 140இல் நான்கு கார்புரேட்டர். ஓட்டச் சுகம்தான், ஆனால் அதன் ஹெட்டில் வால்வ் பெரிது, சூடேறினால் வால்வ் சீட் (வால்வ் அமரும் வளையம்) கழன்று விழும் ஆபத்தும் அதிகம். டர்போவை முதல் பழைய காராக வாங்க வேண்டாம்.

வருடத்தைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் 1967 அல்லது அதற்குப் பிந்தையதை எடுங்கள். அந்த ஆண்டுதான் பிரேக்குக்கு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும், மோதலில் மடங்கும் ஸ்டியரிங் தண்டும் வந்தன. 1965, 66 கார்களில் ஒரே சுற்று. ஒரு பிரேக் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அந்த வருடக் கார் மனதுக்குப் பிடித்துவிட்டால், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை மாட்டிவிட்டுத்தான் சாலைக்கு எடுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பார்க்கப் போகும்போது எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். கார்வேர் எஞ்சின் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. மாசசூசெட்ஸில் இருக்கும் கிளார்க்ஸ் கார்வேர் பார்ட்ஸ் பட்டியலில் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் முதல் சீட் துணி வரை இருக்கிறது. 1969இல் தொடங்கிய கார்வேர் சொசைட்டி ஆஃப் அமெரிக்காவில் விவரம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். துருவுக்குத்தான் மருந்து விலை அதிகம். இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்பு. கூரை இல்லாத காரில் அந்தப் பாரத்தை ராக்கர் பேனல்கள், அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, தாங்குகின்றன. வெளிப்பக்கம் பளபளவென்று பெயின்ட் அடித்து உள்பக்கம் அரித்துப்போன கார்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன.

சோதிக்கும் முறை எளிது. கூரையைத் திறந்து வைத்துக் கதவு இடைவெளியைப் பாருங்கள்: மேலே, கீழே, பூட்டுப் பக்கம். பிறகு காரின் ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கி அதே கதவைத் திறந்து மூடுங்கள். சட்டத்தில் உரசினாலோ, பூட்டு சரியாக விழாவிட்டாலோ, ராக்கர் உள்ளே பலவீனமாகிவிட்டது. அப்படிப்பட்ட காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அடுத்துத் தரை விரிப்பைத் தூக்கி, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், எஞ்சின் அறையில் பேட்டரித் தட்டு, மடிந்த கூரை விழும் பள்ளம் இவையும் அரிக்கும் இடங்கள். கிழிந்த கூரையோடு சில வருடம் வெளியில் நின்ற கார் என்றால் தரைத் தகட்டை வெட்டி ஒட்டும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

இனி எண்ணெய்க் கசிவு. கார்வேர் என்றாலே எண்ணெய் ஒழுகும் என்பார்கள். ஒழுகத்தான் செய்யும், ஆனால் ஒழுகித்தான் ஆக வேண்டும் என்றில்லை. எஞ்சினுக்கு அடியில் பன்னிரண்டு புஷ்ராட் (வால்வை இயக்கும் கம்பி) குழாய்கள். ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ஓர் ஓ-ரிங், ஆக 24. தொழிற்சாலையில் போட்ட ரப்பர் சூட்டில் வெந்து பிளாஸ்டிக் போல இறுகிவிடும். வைட்டான் என்ற சூடு தாங்கும் ரப்பரில் செய்த ஓ-ரிங் போட்டால் அந்தத் தொல்லை பல வருடத்துக்கு இல்லை. எஞ்சினை இறக்காமலே செய்யலாம்: வால்வ் கவரைக் கழற்றி, ராக்கர் ஆர்ம் (வால்வை அழுத்தும் நெம்புகோல்), புஷ்ராட், வழிகாட்டித் தகடு இவற்றை எடுத்தால் குழாயை உருவிவிடலாம். ஒரே எச்சரிக்கை, ராக்கர் ஆர்ம் நிற்கும் ஸ்டட்டுகளே சிலிண்டர் ஹெட்டையும் பிடித்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகத் தளர்த்தினால் ஹெட் அசைந்து காஸ்கெட் போய்விடும். ஒரு சிலிண்டரை முடித்து, ஷாப் மேனுவல் சொல்லும் முறுக்கு விசை வரை முறுக்கிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

கசிவை அலட்சியம் செய்யக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் காரின் ஹீட்டர், எஞ்சினைக் குளிர்வித்த காற்றையே உள்ளே அனுப்புகிறது. எண்ணெய் கசிந்தால் கேபினில் எரிந்த எண்ணெய் நாற்றம் வரும். எக்ஸாஸ்ட் காஸ்கெட் கசிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது. ஹீட்டர் போடும்போது தலை கனத்தால் உடனே அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, எக்ஸாஸ்ட் இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

ஃபேன் பெல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிராங்க் புல்லி செங்குத்தாகச் சுழலும், ஃபேன் எஞ்சினின் தலைமேல் படுக்கையாகச் சுழலும். பெல்ட் ஐட்லர் என்ற வழிகாட்டிப் புல்லியிலும் ஆல்டர்நேட்டரிலும் ஏறித் திரும்பி ஃபேனுக்குப் போகிறது. அதிக வேகத்தில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் ஃபேன் தன் வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்க, தளர்ந்த பெல்ட் கழன்று ஓடிவிடும். பயந்துபோய் இழுத்துக் கட்டினால் ஃபேன் பேரிங் போய்விடும். துணி சுற்றிய பழைய வகைப் பெல்ட்தான் இதற்குச் சரி. பக்கம் வெட்டிய புதுவகைப் பெல்ட் புல்லியை இறுகப் பிடித்துக்கொண்டு புரண்டுவிடும். புல்லிகளின் ஓரத்தில் இருக்கும் பெல்ட் கார்டுகள் பல கார்களில் காணாமல் போயிருக்கும், வாங்கிப் போடுங்கள். உபரிப் பெல்ட் ஒன்றும் 9/16 ஸ்பேனரும் காரிலேயே இருக்கட்டும். டேஷ்போர்டில் ஜென்-ஃபேன் விளக்கு எரிந்தால், பேட்டரி சார்ஜ் ஆகவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டக் கூடாது. பெல்ட் போய் ஃபேன் நின்றிருக்கலாம். ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஃபேன் நின்றிருக்க மேலும் சில மைல் ஓட்டினால் வால்வ் சீட் கழன்று ஹெட்டே போய்விடலாம்.

சூடேறும் காருக்குப் பெரும்பாலும் எஞ்சின் குற்றவாளி இல்லை. எஞ்சினைச் சுற்றிப் பாடியோடு ஒட்டும் ரப்பர்ப் பட்டை ஒன்று உண்டு. அது கிழிந்திருந்தால் கீழே போன சூடான காற்று மறுபடி மேலே ஏறி ஃபேனுக்குள் போகும். அடுத்தது எலி. நீண்ட நாள் நின்ற காரில் மேல் ஷ்ரௌடுக்கு (எஞ்சினை மூடும் தகடு) அடியில், சிலிண்டர் துடுப்புகளுக்கு மேலே கூடு கட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வாங்கிய முதல் வாரத்திலேயே ஷ்ரௌடைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். எண்ணெய்க் கூலரின் துடுப்புகளில் எண்ணெயும் சருகும் சேர்ந்து அடைத்திருக்கும், அதையும் சேர்த்து.

எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டரின் ஆக்சிலரேட்டர் பம்ப்பைக் கெடுக்கும். மாதக்கணக்கில் நின்றால் அதன் கப் காய்ந்து, கிளம்பும்போது எஞ்சின் தடுமாறும். பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள், முன்னால் டேங்க் பக்கம் இருப்பதையும் மறக்காமல். 95, 110 எஞ்சின்களில் பக்கத்துக்கு ஒரு கார்புரேட்டர் என்பதால் இரண்டும் சமமாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மந்தமானால் மூன்று சிலிண்டர்தான் வேலை செய்யும். பலர் அதை இக்னிஷன் கோளாறு என்று நினைத்து வீண் செலவு செய்கிறார்கள். 95க்குச் சாதாரணப் பெட்ரோல் போதும், 110க்கும் 140க்கும் பிரீமியம். எஞ்சின் எண்ணெயில் துத்தநாகச் சேர்மம் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இன்றைய சாதாரண எண்ணெய் அந்தக் காலத்து கேம்ஷாஃப்டைத் தேய்த்துவிடும்.

டயர் காற்றில் கைவைக்கும்போது கவனம். எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின்னால் இருக்கிறது. முதல் தலைமுறைக்குத் தொழிற்சாலை சொன்ன அளவே முன்னால் 15, பின்னால் 26 பிஎஸ்ஐ. இரண்டாம் தலைமுறையில் ரேடியல் போட்டாலும் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ குறைவாக இருக்க வேண்டும். நான்கிலும் ஒரே அளவு அடித்துக் கொடுத்துவிட்டால், வளைவில் பின்பக்கம் வழுக்க ஆரம்பிக்கும். ஓட்டிப் பார்க்கும்போது பின்னால் உறுமல் கேட்டால் அது பெரும்பாலும் பின்சக்கர பேரிங். கிரீஸ் அடிக்க நிப்பிள் இல்லாத வகை, சரிசெய்யச் செலவு வைக்கும். விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

பவர்கிளைட் ஆட்டோமேட்டிக் இரண்டே கியர். அலட்டிக்கொள்ளாமல் உழைக்கும், நகர வீதியில் இதம். ஆனால் அதில் பார்க் நிலை கிடையாது. சரிவில் நிறுத்த ஹேண்ட்பிரேக் மட்டுமே துணை, எனவே அதன் கேபிளை வாங்கும் அன்றே சோதியுங்கள். நீண்ட சாலையை விரும்புகிறவர்கள் நான்கு கியர் மேனுவலைத் தேடலாம்.

கூரையை ஈரத்தோடு மடிக்காதீர்கள். துணியில் பூஞ்சை வரும், சட்டம் துருப்பிடிக்கும். குளிர்காலக் காலையிலும் வேண்டாம், பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் விறைத்திருக்கும்போது மடித்தால் கீறல் விழும். வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்தி இளகிய பிறகு, நடுவில் பழைய மென்துணி ஒன்றை வைத்து மடியுங்கள். காப்பீடு எடுக்கும்போது இருதரப்பும் முன்பே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். சாதாரண பாலிசியில் விபத்து நடந்தால் ஐம்பது வருடத் தேய்மானம் போட்டுக் கையில் சில்லறையைக் கொடுப்பார்கள். ஒப்புக்கொண்ட மதிப்புக்கான பாலிசி பெரும்பாலும் பூட்டிய கேரேஜும், தினசரி வேலைக்கு ஓட்ட வேறொரு காரும் கேட்கும். கார் பார்க்கக் கிளம்பும் முன்பே அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.