"டூட்" பேக்கேஜ் 48 வெள்ளி, போகலாமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பார்பர் ஷாப்புக்குப் போன சனிக்கிழமை போயிருந்தேன். குறையும் சொல்லப் போவதால் கடைப் பெயர் வேண்டாம். விலைப் பலகையில் சாதா கட்டிங் 25 வெள்ளி, "டூட்" பேக்கேஜ் 48. பக்கத்தில் கோடாரியோடு ஒரு தாடிக்கார முரடன் படம், அடியில் "அசல் ஆம்பளைகளுக்கு" என்று எழுத்து.

சிரிப்பு வந்துவிட்டது. 1883-இல் நியூயார்க்கில் டூட் (dude) என்ற சொல் பரபரப்பாகக் கிளம்பியபோது, கழுத்தை இறுக்கும் உயரக் காலர், காலோடு ஒட்டிய பேன்ட், இங்கிலாந்துக்காரன் மாதிரி இழுவைப் பேச்சு என்று திரிந்த பணக்கார வீட்டுப் பையன்களைக் கிண்டல் செய்யத்தான் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. நம் கணக்கில் மைனர், செயின் மட்டும்தான் இல்லை. "யாங்கி டூடுல்" என்ற பழைய அமெரிக்கப் பாட்டில் வரும் டூடுல் தேய்ந்துதான் டூட் ஆனது என்பது இதைத் துருவிப் பார்த்த சொல் ஆய்வாளர்கள் ஜெரால்ட் கோஹன், பேரி பாப்பிக் ஆகியோரின் முடிவு. அப்புறம் அமெரிக்காவின் மேற்கே மாட்டுப் பண்ணைகளில் விடுமுறை கழிக்க வந்த டவுன்காரனும் டூட் ஆனான். 20-ஆம் நூற்றாண்டில் கறுப்பின இளைஞர்களும் மெக்சிகோ வம்சாவளிப் பையன்களும் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் கேலி உதிர்ந்து, கிட்டத்தட்ட நம்ம "மச்சான்" மாதிரி ஆனது. கோடாரி எங்கேயிருந்து வந்தது என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

சரி, கட்டிங்குக்கு வருவோம். வெட்டிய தம்பிக்குத் திருச்சி பக்கம், கை சுத்தம். என் கண் முன்னாலேயே புது பிளேடைப் பிரித்து, பாதியாக ஒடித்துக் கத்தியில் மாட்டினார். காதுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார், கடைசியில் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்தபோது சுரீர் என்றது, ஆனால் இரண்டு நாளாகியும் ஒரு பரு கிடையாது.

குறை என்னவென்றால், சுடு துண்டு என்று போட்டது வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அப்பாயின்ட்மென்ட் போட்டும் ஐம்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். வாசலில் "வாங்க டூட்" என்று வரவேற்ற கல்லாப் பையன், தலை மசாஜ் எங்கே என்று கேட்டதும் "அண்ணே, அதுக்குத் தனி சார்ஜ் அண்ணே" என்கிறான்.

அடுத்த முறையும் அதே தம்பியிடம்தான், ஆனால் சாதா கட்டிங். சனிக்கிழமை போகாதீர்கள், வார நாள் மதியம் நாற்காலி காலியாகக் கிடக்கிறதாம்.