தேதி வரிசையா, தலைப்பு வரிசையா?

வக்கீல் வைக்காமல் சிறு தொகை வழக்குப் போடுகிறவர்கள் ஆதாரங்களை இரண்டு விதமாக அடுக்கலாம்: தேதிப்படி, அல்லது கேட்கும் ஒவ்வொரு தொகைக்கும் தனிக் கட்டாக.

கொடுத்த கடன் திரும்பவில்லை என்பது போல ஒரே கோரிக்கை என்றால் தேதி வரிசையே போதும். பணம் அனுப்பிய ரசீது, 'அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்' என்று வந்த குறுஞ்செய்தி, கடைசியாக அனுப்பிய நோட்டீஸ். புரட்டினாலே விஷயம் புரிந்துவிடும். குறுஞ்செய்தியைப் படமெடுக்கும்போது மட்டும் அனுப்பியவர் எண்ணும் தேதியும் வெட்டுப்படக் கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வாடகை முன்பணத்தில் பெயின்ட், குழாய், துப்புரவு என்று மூன்று பிடித்தம் என்றால் தேதி வரிசை குழப்பிவிடும். குழாய்ப் படம் ஒரு மூலையில், பில் இன்னொரு மூலையில் கிடக்கும். அப்போது தனிக் கட்டுதான் சரி. வேலை கூடுதல்தான், ஒரே கடிதம் இரண்டு பிடித்தத்தைப் பற்றிப் பேசினால் நகல் இரண்டு வேண்டும்.

என்னைக் கேட்டால், தலைப்பு வாரியாகக் கட்டி, முன்னால் ஒரே பக்கத்தில் தேதிப் பட்டியல் வையுங்கள். அப்புறம், முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாகப் பக்க எண் போடுங்கள். 'பக்கம் 14' என்று மனுவில் எழுதினால் நீதிபதி நேராக அங்கே போவார்.